பேணலும் படைத்தலும்: ஊவாத் தோட்டங்களின் சமயப் பண்பாடு பற்றி ஒரு விமரிசன நோக்கு

மலையகத் தமிழரின் பண்பாட்டைப்பற்றி எழுதப் புகுவோர் பெரும்பாலும் ஒரே வினைச்சொல்லைக் கையாளுகின்றனர். கடல்கடந்து வந்தவர், காடழித்துக் கோப்பியும் பின்னர்த் தேயிலையும் நட்டவர், குளிரையும் அட்டையையும் கங்காணியின் கடனையும் பொறுத்தவர், இத்தனைக்கும் இடையே தம் சமயத்தையும் சடங்குகளையும் 'பேணினர்' என்பதே அவ்வெழுத்துகளின் சாரம். இக்கூற்றில் உண்மை உண்டு. ஆயின், பேணுதல் என்னும் சொல் ஏற்கெனவே முழுமைபெற்றுவிட்ட ஒரு பொருளைக் கருதுவது. பேழையுள் வைத்துப் பூட்டிய நகையைப்போலத் தஞ்சையிலோ திருச்சியிலோ சேலத்திலோ இருந்த ஒரு சமயத்தை மூட்டையிற் கட்டிக் கொணர்ந்து பதுளை மலைகளில் இறக்கிவைத்தனர் என்னும் எண்ணத்தை அது தருகின்றது. ஊவாவின் தோட்டங்களை அணுகி நோக்குவோர்க்கு இவ்வெண்ணம் நெடுநேரம் நிலைபெறாது.

சான்றாக ரோதைமுனியைக் கொள்வோம். தேயிலைத் தொழிற்சாலையிலே, மக்கள் வழக்கில் 'ஸ்டோர்' எனப்படும் அவ்விடத்திலே, இயந்திரச் சக்கரத்தின் அருகே குடிகொண்ட தெய்வம் இது. 'ரோதை' என்னும் சொல் போர்த்துக்கேயத்தின் வழிவந்து, சக்கரத்தைக் குறித்து இலங்கையில் வழங்குவது. 'முனி' தமிழ்நாட்டுக் கிராமத்தின் எல்லைக் காவலன். இவ்விரண்டும் இணைந்த பெயரைத் தாங்கிய தெய்வத்தை எந்தத் தமிழ்நாட்டுக் கிராமத்திலிருந்தும் யாரும் கொண்டுவந்திருக்க இயலாது. கையை இழுத்துக்கொள்ளக்கூடிய இயந்திரத்தின்முன் நாள்தோறும் நின்ற மனிதன் தன் அச்சத்திற்கும் நம்பிக்கைக்கும் இட்ட பெயர் அது. கவ்வாத்துச்சாமியும் இத்தகையதே. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை தேயிலைச் செடியைக் கூரிய கத்தியால் வெட்டிக் குறுக்கும் கவ்வாத்து வேலையைத் தொடங்குமுன் மலையிலே கல் நாட்டிப் பொங்கலிட்டு வணங்கப்படும் தெய்வம் இது. ஊர்த் தெய்வங்களான மாரியம்மனும் மதுரைவீரனும் மாடசாமியும் முனியாண்டியும் உடன்வந்தனர் என்பது மெய்யே. ஆனால் அவர்களோடு நில்லாமல், தொழிலின் ஒவ்வொரு கட்டத்திற்கும் ஒரு காவலைத் தேடிய சமுதாயம் புதுத் தெய்வங்களையும் படைத்தது. மாத்தளை வடிவேலன், சாரல் நாடன் முதலியோர் மலையக மக்களின் கலைகளையும் வாய்மொழி மரபையும் தொகுத்தளித்த பணி இவ்வகையில் பெறுமதி மிக்கது. சி. வி. வேலுப்பிள்ளையின் 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' (1983) இத்துறையில் முன்னோடி முயற்சி. இத்தொகுப்புகள் இன்றேல் இப்பொருள்பற்றி எழுதுவோர் வெறும் ஊகத்தையே நம்பியிருக்க வேண்டியிருந்திருக்கும்.

ஊவாவின் நிலை நுவரெலியா, ஹற்றன் பகுதிகளின் நிலையோடு முற்றிலும் ஒத்ததன்று. பதுளை நகருக்குப் புகையிரதம் 1924இலேயே வந்தது. பசறை, லுணுகலை, மடுல்சீமை முதலிய பகுதிகளின் தோட்டங்கள் அதன்பின்னரும் மலைமடிப்புகளுக்குள் ஒதுங்கியே இருந்தன. சுற்றிலும் ஊவாவின் பழைய சிங்களக் கிராமங்கள். தெற்கே, அதே மாகாண எல்லைக்குள், கதிர்காமம். இந்தக் கதிர்காமத்தை நம் ஆய்வாளர் போதிய அளவு கருத்திற் கொண்டாரல்லர். தோட்டத் தொழிலாளி ஆடி மாதத்தில் நடந்து சென்று வணங்கிய அவ்விடத்தில் ஆகம முறைப்படியான பூசை இல்லை. வாய் கட்டிய கப்புறாளை திரைக்குப் பின்னால் வழிபாடு நிகழ்த்துகின்றார். பௌத்தரும் அங்கு வணங்குவர். முஸ்லிம்களுக்கும் அங்கு ஒரு பள்ளிவாசல் உண்டு. மலையகத்தின் 'தூய இந்து மரபு' எனப் பேசுவோர், அம்மக்களின் தலையாய யாத்திரைத் தலமே அத்தூய்மைக்குள் அடங்காது நிற்பதை எவ்வாறு விளக்குவர் என்பது தெரியவில்லை.

இனிக் காமன் கூத்திற்கு வருவோம். பொருளின் செழுமை கருதி இதனைச் சற்று விரித்துரைத்தல் தகும். மாசி மாதத்து அமாவாசை கழிந்து மூன்றாம் பிறையளவில் காமன் பொட்டலில் கம்பம் ஊன்றப்படும். அன்று தொடங்கிப் பௌர்ணமிவரை இரவுதோறும் தப்பு முழங்கும், பாட்டு எழும், மன்மதனும் ரதியும் வேடம் புனைந்து லயம் லயமாக வலம் வருவர். ரதி வேடத்தையும் ஆணே தாங்குவான். வேடமேற்பது பெரும்பாலும் நேர்த்தியாற் பெற்ற உரிமை. சில குடும்பங்களில் அது தந்தையிடமிருந்து மகனுக்கு வருவது. இறுதி நாளில் சிவனது தவத்தைக் கலைக்கச் சென்ற மன்மதன் நெற்றிக்கண்ணால் எரிக்கப்படுகின்றான். ரதி புலம்புகின்றாள். பின்னர் அவன் அவள் கண்ணுக்கு மட்டும் தோன்றுமாறு உயிர்பெறுகின்றான்.

இக்கதை தமிழ்நாட்டுக் கிராமங்களிலும் ஆடப்படுவது, மலையகத்திற்கே உரியதன்று. எனினும் ஒரு கதையின் பொருள் அது ஆடப்படும் களத்தினாலும் ஆகின்றது. மன்மதன் தன் விருப்பத்தால் சிவனிடம் செல்லவில்லை. மேலோராகிய தேவர்கள் தம் காரியத்திற்காக அவனை ஏவினர். போகாதே என ரதி தடுக்கின்றாள். இத்தர்க்கமே கூத்தின் உயிர்நிலை. அவன் ஏவலை மறுக்க இயலாதவனாய்ச் செல்கின்றான், சென்று அழிகின்றான், ஏவியவர்க்கோ எதுவும் நேரவில்லை. கங்காணியின் சொல்லை நம்பிப் புறப்பட்டவரின் மக்களும் பேரரும், விடியலிற் பெரட்டுக்களத்தில் நின்று மலைக்கு ஏவப்படுவோர், இத்தர்க்கத்தை ஆண்டுதோறும் இரவிரவாகக் கேட்டனர் என்பதை மனங்கொள்ளாது இக்கூத்தை வெறும் வசந்த விழாவென எழுதிச் செல்வது விமரிசனமாகாது. அதேவேளை இதனை மறைமுகமான தொழிற்சங்கப் பிரசாரமாகக் காண்பதும் மிகை. கூத்தாடியவர் நேர்த்திக்கடனுக்காகவே ஆடினர். அவர்தம் பக்தியை நாம் நமது கோட்பாட்டுக்காகக் களவாடுதல் நேர்மையாகாது. பக்தியும் தன்னிலை உணர்வும் ஒரே பாட்டில் ஒன்றையொன்று விலக்காது நிற்கக்கூடும் என்பதே இங்குக் கொள்ளத்தக்கது.

இவ்விடத்தில் பல்கலைக்கழகச் சூழல் சார்ந்த ஒரு குறையையும் சுட்டவேண்டியுள்ளது. 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனையில் கூத்தை மீட்டெடுத்த வரலாறு யாவரும் அறிந்தது. 1962இல் மேடையேறிய 'கர்ணன் போர்' ஈழத்துத் தமிழ் நாடக வரலாற்றில் ஒரு திருப்பம். ஆயின் அவ்வியக்கத்தின் கண் முதன்மையாக மட்டக்களப்பின் வடமோடி, தென்மோடி மீதே பதிந்திருந்தது. பேராதனையைச் சூழ்ந்த மலைகளிலே மாசிதோறும் தப்பு முழங்கிக்கொண்டிருந்தது. அவ்வொலி விரிவுரை மண்டபத்தை எட்டுவதற்கு நெடுங்காலம் சென்றது. இது எவரது தீயெண்ணத்தாலும் நேர்ந்ததன்று. எது 'நமது மரபு' என வகுப்பதில் தோட்டத்து மக்கள் எங்கு வைக்கப்பட்டிருந்தனர் என்பதை மட்டும் இது காட்டுகின்றது.

இனி, இன்னாத ஒரு செய்தியைக் கூறவேண்டும். பேணப்பட்டவை எல்லாம் பேணத்தக்கவை அல்ல. கங்காணி ஆட்களைத் திரட்டியது உறவும் சாதியும் ஊரும் பார்த்து. லயங்கள் சாதிக்கேற்பப் பகிரப்பட்டன. சில லயங்கள் சாதிப் பெயராலேயே வழங்கின. தோட்டக் கோயிலின் முதல் மரியாதை பெரிய கங்காணிக்குரியது. கோயிலைக் கட்டுவித்தவனும் அவனே. கடனேட்டை வைத்திருந்தவனும் அவனே. ஆர். ஜெயராமன் 1970களில் வெளியிட்ட ஆய்வு, தோட்ட வாழ்வில் சாதி எவ்வாறு தொடர்ந்தது என்பதை விரிவாகக் காட்டியது. பின்வந்த ஒட்வர் ஹொலப், நிலவுடைமைச் சாதியும் பிராமணரும் இல்லாத இடத்தில் சாதியின் படிநிலை தளர்ந்தும், மணவுறவிலும் சடங்கிலும் அது நிலைத்தும் நின்றமையை எடுத்துரைத்தார். இவ்விரு நோக்குகளுக்கும் இடையிலேதான் உண்மை உள்ளது. ஒரே கூலிக்கு ஒரே மலையில் கொழுந்து பறித்த பெண்கள் கோயில் முன்றிலில் வெவ்வேறு வரிசையில் நின்றனர். சமயப் பண்பாட்டைப் பேணியமைக்காக மலையக மக்களைப் பாராட்டும் கட்டுரைகள் இவ்வரிசைகளைப்பற்றி வாய் திறப்பதில்லை.

தப்பு இவ்வகையில் ஒரு சோதனைக்கல். காலையில் ஆட்களைப் பெரட்டுக்கு அழைத்ததும் தப்பே. சாவுக்கும் காமன் கூத்துக்கும் அம்மன் திருவிழாவுக்கும் முழங்கியதும் அதுவே. அதனை அடிப்பது ஒரு சாதியினர்க்கு விதிக்கப்பட்ட கடமை. அதற்குக் கிடைத்த மதிப்போ சிறிது, இழிவு பெரிது. படித்த இளைஞன் ஒருவன் இனித் தப்பைத் தொடேன் என்று கூறும்போது, மரபு அழிகின்றதே என்று இரங்குவோர் பலர். தன் தந்தை கோயிலுக்கு வெளியே நின்று அடித்ததை மறவாத மகனிடம் அம்மரபைக் காக்குமாறு கேட்கும் உரிமை நமக்கு உண்டா? இல்லை என்பதே இக்கட்டுரையாளனின் கருத்து. அடிகளின் நுட்பம் மறைந்துவிடுதல் இழப்பே, ஐயமில்லை. அவ்விழப்பைத் தவிர்க்க வேண்டுமாயின், தப்பைப் பிறப்பின் கடமையிலிருந்து விடுவித்து, விரும்பும் எவரும் கற்கும் கலையாக்குதல் ஒன்றே வழி. அண்மைக் காலத்தில் சில கலைக்குழுக்கள் இவ்வழியில் முயன்று வருகின்றன. ஒரு சாதியினரின் கையில் அது இருக்கும்வரை பண்பாடு எனப் போற்றுவதும், அவர்கள் கையை எடுத்ததும் பண்பாடு போயிற்று எனப் புலம்புவதும் ஒரே மனப்பாங்கின் இரு முகங்கள்.

படைப்பிலக்கியம் இவ்வடையாளச் சிக்கலை எவ்வாறு எதிர்கொண்டது? புதுமைப்பித்தன் 1935இல் எழுதிய 'துன்பக்கேணி' இலங்கைத் தோட்டத்தை மானமும் உயிரும் கரையும் நரகமாகக் கண்டது. தமிழ்நாட்டிலிருந்து நோக்கியவர்க்கு அது இழப்பின் நிலம். இதற்கும் முன்னர், 1869இல் ஆபிரகாம் ஜோசப் இயற்றிய 'கோப்பிக் கிருஷிக் கும்மி', கும்மி என்னும் மக்கள் வடிவத்தையே தோட்ட விவசாயத்தின் தேவைக்குப் பணித்தது. மு. நித்தியானந்தன் தமது 'கூலித்தமிழ்' (2014) நூலில் இதனை ஆராய்ந்துள்ளார். மரபு வடிவம் ஒன்று தொடர்வதால் மட்டும் அது மக்கள் பக்கம் நிற்பதாகிவிடாது என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டுவதில்லை.

மலையகத்தின் உள்ளிருந்து எழுந்த குரல்களுள் ஊவாவின் தலையாய எழுத்தாளர் தெளிவத்தை ஜோசப் (1934-2022). பதுளையைச் சார்ந்த தோட்டமொன்றின் பெயரைத் தம் பெயரோடு இணைத்துக்கொண்டவர் அவர். 'தெல்பெத்த' என்னும் தோட்டம் தொழிலாளர் நாவில் தெளிவத்தை ஆயிற்று. தமக்கு உரிமையாகாத மண்ணுக்கும் தமிழ் ஓசையில் ஒரு பெயரைச் சூட்டி அதனை உரியதாக்கிக்கொண்ட மக்களின் செயல் அது. எழுத்தாளரோ கத்தோலிக்கர். மலையகப் பண்பாட்டை இந்து சமயத்தோடு முற்றாக ஒன்றுபடுத்திப் பேசுவோர் இவரை எங்கு நிறுத்துவர்? லயத்து வாழ்வையும் அதன் உறவுமுறைகளையும் பேச்சையும் இவரினும் நுணுகி அறிந்தவர் சிலரே. 'காலங்கள் சாவதில்லை' (1974) நாவலும், வைகறை வெளியிட்ட 'நாமிருக்கும் நாடே' (1979) தொகுதியும் இதற்குச் சான்று.

இவருடைய 'மீன்கள்' சிறுகதையை நம் பொருளோடு சேர்த்துப் பார்த்தல் பயனுடையது. ஒற்றைக் காம்பராவுக்குள் பெற்றோரும் வளர்ந்த பிள்ளைகளும் நெருங்கிப் படுக்கும் இரவின் அவலமே அதன் கரு. சமயச் சடங்கு எதுவும் அக்கதையின் மையமன்று. எனினும் பண்பாட்டைப் பேணுதல் என்பது யாதென அது வினவுகின்றது. பூப்பெய்திய பெண்ணைத் தனியிருத்த வேண்டும் என்கின்றது மரபு; தனியிடம் எங்கே? வீட்டில் தூய இடத்தில் விளக்கேற்று என்கின்றது. பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவில் அடுப்புக்கும் பாய்க்கும் விளக்குக்கும் அதே இடம். இஸ்தோப்பின் ஓரத்தில் குடிசை கட்டியும், சுவரில் ஒரு மாடம் குடைந்தும் பெண்கள் இவற்றைச் செய்தே வந்தனர். காலை முதல் மாலைவரை மலையில் நின்றுவிட்டு வந்து இவற்றையும் செய்தவர் பெண்களே. பிள்ளைக் காம்பராவில் பிறர் குழந்தைகளையும் சேர்த்து ஆராட்டிய கிழவிகளின் வாயிலேயே தாலாட்டு தலைமுறை கடந்தது. அடையாளத்தைக் காத்தவர் எனப் போற்றப்படும் பெயர்ப் பட்டியல்களில் கோயில் தர்மகர்த்தாக்களும் தலைவர்களும் நிறைந்துள்ளனர், இவர்கள் இல்லை. மலையகச் சிறுகதையாசிரியர் இப்பெண்களைக் கண்டனர். ஆயினும் கூலி, லயம், குடியுரிமை என்பனவற்றிலேயே கருத்தூன்றியமையால், அவர்தம் சமய உள்ளுலகைப் பெரும்பாலும் பின்னணியாகவே விட்டுச் சென்றனர். காமன் கூத்தின் ரதியை மையமாக்கிய ஒரு பெரும் நாவலை இவ்விலக்கியம் இன்னும் வேண்டி நிற்கின்றது.

கூலிக்கும் கொண்டாட்டத்துக்கும் உள்ள தொடர்பையும் மறத்தலாகாது. தீபாவளி முற்பணம் என்பது தோட்டத்தில் ஒரு நிறுவனம். விழாவுக்குமுன் வழங்கி, பின்வரும் மாதங்களின் சம்பளத்தில் கழிக்கப்படுவது. அதாவது, தன் பண்டிகையைத் தொழிலாளி கடனாகவே பெறுகின்றான். நெல்வயல் ஒரு சாணும் இல்லாதவர் தைப்பொங்கலை விடாது கொண்டாடுவதும் எண்ணத்தக்கது. கடைப் பச்சரிசியில் பொங்கும் அப்பொங்கல், உழவராயிருந்த நினைவைக் கொண்டாடுவது.

'குடிபெயர்ந்தோர்' என்னும் பெயரே ஆராயப்பட வேண்டியது. 1911ஆம் ஆண்டுக் குடிசனமதிப்பு இவர்களை 'இந்தியத் தமிழர்' எனப் பிரித்தெழுதிற்று. 1947இல் பதுளை மக்கள் இலங்கை இந்தியன் காங்கிரசின் எஸ். எம். சுப்பையாவைப் பாராளுமன்றத்திற்கு அனுப்பினர். அடுத்த ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அம்மக்களுட் பெரும்பாலோரை நாடற்றோராக்கிற்று. 1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைப் பங்கிட முனைந்து 5,25,000 பேரை இந்தியாவிற்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் ஒதுக்கியது; எஞ்சிய 1,50,000 பேர் 1974இல் சமமாகப் பிரிக்கப்பட்டனர். எண்களின் பின்னே தனயனும் தமையனும் பிரிந்தனர். கூத்தின் அண்ணாவியாரும் பூசாரியும் தலைமன்னாரில் கப்பலேறினர். நீலகிரியின் கூடலூரிலும் கோத்தகிரியிலும் இறங்கியவரை அங்குள்ளோர் 'சிலோன்காரர்' என்றனர். இங்கே இந்தியராயும் அங்கே இலங்கையராயும் எண்ணப்பட்ட மக்களுக்கு, எந்த ஊரின் மாரியம்மன் சொந்தம் என்னும் வினா வெறும் ஆராய்ச்சி வினாவன்று. 1983 ஜூலையில் பதுளை நகரத்துத் தமிழர் வீடுகளும் கடைகளும் எரிந்தபோது அடையாளம் உயிராபத்தாகவும் ஆயிற்று. நெற்றிப் பொட்டை அழித்துக்கொண்டு பேருந்தில் ஏறிய பெண்களைப்பற்றி அந்நாளை அறிந்தோர் கூறுவர். அப்பெண்களைப் பண்பாட்டைக் கைவிட்டவர் என எவரேனும் கூறத் துணிவரோ?

எஞ்சியோரின் குடியுரிமைச் சிக்கல் 2003ஆம் ஆண்டுச் சட்டத்தோடு பெரும்பாலும் தீர்ந்தது. 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை நிகழ்ந்த நடைபயணம், வந்தேறிய இருநூறாண்டுகளை நினைவுகூர்ந்தது. 'மலையகத் தமிழர்' என்னும் பெயர் இன்று வலுப்பெற்றுள்ளது. இதே காலத்தில் தோட்டக் கோயில்களின் முகம் மாறிவருவதையும் காண்கின்றோம். தகரக் கூரையும் கல்லும் இருந்த இடத்தில் கோபுரம் எழுகின்றது. குருக்கள் வந்து குடமுழுக்கு நிகழ்த்துகின்றார். ஆடு வெட்டுதல் நின்றுபோகின்றது. முனி மதிலுக்கு வெளியே தள்ளப்படுகின்றார். பாடசாலையில் பிள்ளைகள் கற்கும் சைவநெறி நாயன்மார் வழியது. அதனுள் ரோதைமுனியைத் தேடுவது வீண்.

இம்மாற்றத்தை எளிதிற் கண்டிக்கவும் இயலாது. கோபுரத்தைக் கட்டுவோர் அத்தோட்டத்து மக்களே; மாதச் சம்பளத்தில் சந்தா கொடுத்துக் கட்டுகின்றனர். யாழ்ப்பாணத்துக் கோயிலுக்கு ஒப்பான கோயில் தமக்கும் வேண்டும் என்னும் அவர்தம் வேட்கையில், நெடுநாள் இழிவுபடுத்தப்பட்டோரின் தன்மதிப்பு உள்ளது. ஆடு வெட்டு நின்றமைக்காக வருந்துதலும் தேவையன்று. நமது கேள்வி வேறு. பழைய கல்லை அகற்றும்போது அதனை நாட்டியவர் எந்த வேலைக்காக, எந்த அச்சத்தால் நாட்டினர் என்னும் செய்தியும் உடன் அகற்றப்படுகின்றது. இச்சமுதாயம் எழுத்தில் விட்டுச்சென்ற ஆவணங்கள் சில. துரைமாரின் கணக்கேடுகளில் அவர்கள் பெயர்களாகவும் எண்களாகவும் மட்டுமே உள்ளனர். தெய்வங்களின் பெயர்களும் கூத்தின் பாடல்களுமே அவர்கள் தாமே எழுதிய வரலாறு. அவ்வரலாற்றைக் கீழ்மையென நாணி மறைப்பதற்கும், தூய்மையென ஏற்றிப் போற்றுவதற்கும் அப்பால், அது உள்ளவாறே எழுதப்பட வேண்டியுள்ளது.

காமன் கூத்தின் பாடல்கள் இன்றும் சில தோட்டங்களில் முதியோர் வசமுள்ள பழங்கொப்பிகளில் கையெழுத்தாக இருக்கின்றன. அவற்றை அச்சிடுதல் முதற்பணி. ஆயின் பாடலை மட்டும் பெயர்த்தெழுதி, எழுத்துப்பிழை திருத்தி, பேச்சு வழக்கை இலக்கண வழக்காக்கி வெளியிடும் நமது பழைய முறை இங்கு உதவாது. எந்தத் தோட்டம், எந்தப் பிரிவு, எந்த ஆண்டில் ஆட்டம் நின்றது அல்லது மீண்டும் தொடங்கியது, ரதியாக ஆடியவர் எந்த நேர்த்திக்காக ஆடினார், எந்த அடிக்கு எந்தப் பாட்டு என்பனவெல்லாம் பாடலோடு சேர்த்துக் குறிக்கப்படவேண்டும். தப்பை அடித்தவர் யார் என்பதும், அவருடைய மகன் அடிக்க மறுத்திருப்பின் அவன் கூறிய காரணமும் அப்பதிப்பிலேயே இடம்பெற வேண்டும்.